செவலைக்கு ஒரு வீடு வேண்டும்

செவலைக்கு இப்போது ஒன்பது மாதம். பெண் நாய். எங்கள் வீட்டில் அவள் விருந்தாளிதான். கடைசிவரை இருப்பதற்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆவுடையார்கோவிலில் மார்கழித் திருவாதிரைக் கூட்டம் கலைந்த மறுநாள், அறந்தாங்கி சாலை ஓரத்தில் யாரோ ஐந்து குட்டிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று ஆண், இரண்டு பெண். ஆண் குட்டிகள் மூன்றும் பத்தே நாளில் வீடு போய்ச் சேர்ந்தன. பெண் குட்டிகளை ஆசையாகத் தூக்கியவர்கள், புரட்டிப் பார்த்ததும் கீழே இறக்கிவிட்டார்கள்.

"பொட்டையாக்கா? அப்ப வேணாம். குட்டி போட்டா யாரு பாக்கிறது?"

அந்த இரண்டில் ஒன்றை பார்வோ வைரஸ் கொண்டுபோய்விட்டது. ரத்தபேதி ஆரம்பித்த மூன்றாம் நாள் கண்ணை மூடினாள். செவலைக்கும் அதே நோய்தான். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் எழுந்து நின்றாள். அதன் பிறகும் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

குட்டி போடும் என்ற பயம் நியாயமானதுதான். நாய்க்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். வருஷத்துக்கு இரண்டு ஈத்துகூட ஆகலாம். அத்தனைக்கும் வீடு பார்க்க முடியாமல்தான் சாலையோரம் விடுகிறார்கள். ஆனால், இதற்குத் தீர்வு பெண் குட்டியை ஒதுக்குவதல்ல; கருத்தடை. 1959-ல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு அறுபதுகளிலேயே தெருநாய்களுக்கு இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. தெருநாய்களைக் கட்டுப்படுத்த 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் கருத்தடையையும் தடுப்பூசியையும்தான் வழியாகச் சொல்கின்றன. செவலைக்கு ஆடி மாதமே அறுவை சிகிச்சை முடிந்து, தையலும் ஆறிவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. இனி அவள் குட்டி போட மாட்டாள்.

"என்ன ஜாதி நாய்?" என்று கேட்பவர்களும் உண்டு. நரிகள் பரிகளாகி, ராத்திரியில் மறுபடி நரிகளான மாணிக்கவாசகர் கதை எங்கள் ஊரோடு சேர்ந்தது. அதனால், ராஜபாளையம் கலப்பு, சிப்பிப்பாறை கலப்பு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. செவலை சுத்தமான நாட்டு நாய். நம் வெயில் அவளுக்குப் பழக்கம். குட்டை முடி, தினம் சீவ வேண்டியதில்லை. சோற்றில் ஒரு அவித்த முட்டையைப் பிசைந்து வைத்தால் தட்டு பளபளவென்று ஆகிவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பைக் கடிப்பாள். கோழி வளர்க்கிற வீட்டுக்குச் சரிப்படமாட்டாள். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவாள். தீபாவளியன்று யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். புது ஆட்களிடம் ஒட்ட நாலைந்து நாள் எடுத்துக்கொள்வாள். ஒட்டிவிட்டால், என் மாமியார் வாசலில் அரிசி புடைக்கும்போது காலடியில் படுத்துக்கொள்வதுபோல, உங்கள் காலடியிலும் படுத்துக்கொள்வாள்.

"இவ்வளவு பிரியமிருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிழட்டு நாய்கள் இருக்கின்றன. மூன்றாவதையும் நிறுத்திக்கொண்டால், அடுத்து சாலையோரம் கிடக்கப்போகும் குட்டிக்கு எங்கள் வீட்டில் இடமிருக்காது.

டெல்லி தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி பிறப்பித்த உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் நாய்களைத் தத்தெடுக்கலாம் என்ற உச்ச நீதிமன்றம், அவை மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொன்னது. நான் கேட்பதும் அதையேதான். வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு இருமுறை வந்து அவளோடு உட்கார்ந்து பாருங்கள். வருஷா வருஷம் வெறிநோய் ஊசியைத் தவறவிடாதீர்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள்.

ஒருவேளை ஒத்துவராமல் போனால் மனதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து விடுங்கள். அவளுடைய தட்டு இங்கேதான் இருக்கும்.