மேலே போக வழியுண்டா

மே 17, 2024, வெள்ளி

பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். நெல்லையிலிருந்து குளிக்க வந்த 17 வயதுப் பையனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலத்துக்குள் எல்லார் கையிலும் வீடியோ. மழை பெய்தது மேலே, மலையில். கீழே நின்றவர்களுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான், கிட்டத்தட்ட அதே வயசு. நாளைக்கு அங்கேதான் கூட்டிப்போவதாக இருந்தேன். அக்கா சென்னையிலிருந்து திரும்பத் திரும்ப போன் செய்கிறாள்.

மே 18

அருவிகளில் குளிக்கத் தடை. எழுத ஓடவில்லை.

மே 21, செவ்வாய்

தூக்கம் பிடிக்காமல் வேஃபேரர் தளத்தைத் திறந்தேன். இன்கிரஸ் என்ற போன் விளையாட்டை ஆடிய காலத்திலிருந்து இடங்களை மதிப்பிடும் இந்த வேலையைச் செய்கிறேன், சம்பளம் கிடையாது. போகிமான் கோ ஆடுகிறவர்கள் தங்கள் ஊரிலுள்ள கோயில், சிலை, பூங்கா, நூலகம் என்று எதையாவது படம் பிடித்து, நாலு வரி விளக்கத்தோடு அனுப்புவார்கள். முகம் தெரியாத சிலர் அதைப் பார்த்துச் சரி என்றால் அது விளையாட்டில் ஏறிவிடும். பிறகு யாராவது அதைத் தேடி நடந்து வருவார்கள். கேள்விக்கு மூன்று பதில்: கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே, தெரியாது.

இன்று வந்தது செண்பகாதேவி அம்மன் கோயில்.

பேரருவிக்கும் மேலே, காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை பொதுவாக யாரையும் விடுவதில்லை. சித்ரா பௌர்ணமிக்குச் சனம் ஏறும். விதிப்படி ஓர் இடம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டியதில்லை, சிலர் போக முடிந்தாலே போதும். கோயில் உண்மை, கும்பிடுகிற கூட்டம் உண்மை. படம் தெளிவு. 'பாதுகாப்பாக நடந்து போக வழியுண்டா' என்ற கேள்வி வந்ததும் கை நின்றுவிட்டது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மரத்தலைகள்தான், ஒரே பச்சை. பாதையும் தெரியாது, ஓடையும் தெரியாது. இந்தப் படத்தை வைத்து ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருப்பவர் 'தெரியாது' என்று சொன்னால் அது நியாயம். மேலகரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லலாமா? எனக்குத் தெரியும். பௌர்ணமியன்று வழியுண்டு. மேலே மழை பெய்கிற நாளில் அது வழியே இல்லை. இதைச் சொல்ல அங்கே பொத்தான் இல்லை.

பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மே 26, ஞாயிறு

'பழங்கால ஸ்தூபி' என்று ஒன்று வந்திருந்தது. படத்தைப் பார்த்த உடனேயே அது மாடன் பீடம் என்று தெரிந்தது. வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு அது சுண்ணாம்பு பூசிய ஒரு கூம்பு, அவ்வளவுதான்; மைல்கல் என்றுகூட நினைப்பார். பைக்கில் போய்விடக்கூடிய தூரம், அதனால் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

ஊருக்கு வெளியே, வயலோரம். ஆளுயரப் பீடம், மேலே போகப் போக ஒடுங்கிப் போகிறது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வாடிய பிச்சிப்பூ மாலை, பக்கத்தில் துருவேறிய அரிவாள், அதில் குத்திய எலுமிச்சம்பழம் சுருங்கிக் கறுத்திருந்தது. சுற்றுச்சுவர் கிடையாது. பட்டா நிலத்தில் இருக்கிறதா, புறம்போக்கிலா என்று வரைபடம் எதுவும் சொல்லாது. குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டு இடம் என்றால் விதி தள்ளிவிடும். ஊர்ப் பொது என்றால் ஏற்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் கேட்டேன்.

"நாலு குடும்பத்துக்குப் பாத்தியம். கொடைன்னா ஊரே வரும். எதுக்குக் கேக்கிய?"

போனை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் இங்கே வருவார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வாரவன் செருப்பைக் கழத்துவானா?"

சொல்ல முடியாது ஆச்சி என்றேன்.

"உச்சிப் பொழுதுல இந்தப் பக்கம் பொம்பளப் பிள்ளைய வராது. அது அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். "அப்பம் நீங்க சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டப் போய்விட்டாள். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுப்பது, எங்கே நின்று சொல்லிக் கொடுப்பது.

நிரந்தரமான இடமா? மேலே. பொருத்தமான இடமா? தெரியாது. நேற்று ராத்திரி படுக்கையில் கிடந்தபடி அதே பதிலை அழுத்தியிருந்தால் அது சோம்பல்.

ஜூன் 4

வாக்கு எண்ணிக்கை. டிவி முன்னாலேயே பொழுது போனது.

ஜூன் 8, சனி

பள்ளிக்கூடம் பத்தாம் தேதி திறக்கிறது. அக்கா மகனைப் பொதிகை ரயிலில் ஏற்றிவிட்டேன். பிளாட்பாரத்தில் கேட்டான்: "மாமா, இவ்ளோ பெரிய அருவி, அதை ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க?" இயற்கையாக இருப்பது மட்டும் போதாது, மனுசன் வைத்த ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், ஒரு பெயர்ப்பலகையாவது வேண்டும் என்றேன். அருவிக்குத் தகுதி இல்லை, அருவியின் பலகைக்கு உண்டா என்று கேட்டான். அவனுக்கு அநியாயமாகப் பட்டது. எனக்கு இந்த ஒரு விதியில் இப்போது நிம்மதி.

ஜூன் 16, ஞாயிறு

சாரல். தென்காசி முழுக்க வெளியூர் வண்டிகள். யாரைப் பார்த்தாலும் 'தண்ணி விழுதா' என்ற கேள்வி.

காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கோபுர வாசலில் வழக்கம்போல வேட்டியைப் பறிக்கிற காற்று. வேஃபேரர் வரிசையில் இருந்ததில் ஒன்று ஒரு கோயிலின் உள்ளே, சன்னதிக்குப் பக்கத்திலிருந்து எடுத்த படம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. திருச்செந்தூர் கோயில் பற்றிய வழக்கில் வந்த உத்தரவு. போனே போகக்கூடாத இடத்தில் போன் விளையாட்டுக்கு ஒரு புள்ளி! 2016லேயே, வழிபாட்டுத் தலங்களில் இந்த விளையாட்டு முட்டைகளைக் காட்டுகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல மனு போனது. அப்போது அது தேவையில்லாத சண்டை என்று நினைத்திருந்தேன். ஆச்சி கேட்ட செருப்புக் கேள்விக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கோபுரம் வந்தால் கட்டைவிரல் மேலே, சன்னதிப் படத்துக்குக் கீழே. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னால் வந்து இதைக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இடிந்து கிடந்த கோபுரம் மறுபடி எழுந்தது 1990இல். யார் வரப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஜூன் 29

தலைவர் சிலை ஒன்று, இரும்புக் கூண்டுக்குள். நம் பக்கத்தில் கூண்டு எதற்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிலை, நிரந்தரம், சாலையோரம், நடக்க இடமுண்டு என்று விதிப்படி எல்லாம் மேலேதான். ராத்திரி பத்து மணிக்கு நாலு வெளியூர்ப் பையன்கள் கையில் போனோடு அந்தக் கூண்டைச் சுற்றி நிற்பதை நினைத்தேன். ஊரில் என்ன பேசுவார்கள், போலீஸ் என்ன கேட்கும்? பாதுகாப்பு என்ற கட்டத்தில் கீழே அழுத்தினேன். காரணம் எழுத இடமிருந்திருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜூலை 14

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். பூ உதிர்ந்தால் இடமே இல்லை. நிராகரித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

செண்பகாதேவி திரும்ப வந்திருக்கிறது. பழைய ஆள்தானா, வேறு ஆளா என்று தெரியாது. படமும் விளக்கமும் புதிது. ஓடை நிறைந்து போகிறது, பாறையெல்லாம் நனைந்து மின்னுகிறது. பௌர்ணமிக் கூட்டம் எதுவும் இல்லை. ஆகவே எடுத்தவன் தனியாகவோ நண்பர்களோடோ மேலே போயிருக்கிறான், தடையைத் தாண்டி. 'எளிதில் அடையலாம்' என்று எழுதியும் இருக்கிறான்.

அவனுடைய படத்தைத்தான் மற்றவர்கள் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தன் போய்வந்திருக்கிறான், ஆகவே வழியுண்டு. அவன் ஏறிய அன்று மலையில் மழை பெய்யவில்லை என்பது படத்தில் இல்லை. மே 17 அன்று மத்தியானம் வரைக்கும் பழைய குற்றாலத்தில் எடுத்த படங்களும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த முறை தாண்டிப் போகவில்லை. பாதுகாப்புக்குக் கீழே அழுத்தினேன். வருசா வருசம் அம்மனுக்கென்று ஏறுகிறவர்களின் கோயிலை நான் இல்லை என்று சொன்னதாக ஆகுமோ என்று அழுத்திய பிறகும் உறுத்துகிறது. மற்ற மதிப்பீட்டாளர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்க முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்டால் அந்தப் புள்ளி நாளைக்கே அக்கா மகன் போனிலும் தெரியும். தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அது ஐப்பசி, மலையில் மழை பிடிக்கிற மாதம்.