மஞ்சள் ரப்பர் பட்டை

அப்பாவின் வலது தோளில் ஆபரேஷன் நடந்த அதே வாரம்தான் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஜூன் 12. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி வுட்டாச்சாடா?"

பூதலூரில் எங்கள் வயலுக்கு கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த கால்வாய். தொண்ணூறு வருஷம் தாண்டியும் ஊரில் அதற்குப் பேர் புது ஆறுதான். அந்தக் குறுவைக்கு அப்பா வயலில் இறங்கவில்லை. மாசியில் வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தவர், சுளுக்கு என்று மூன்று மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். சட்டை மாட்டக்கூடக் கை எழும்பாமல் போனபிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருந்தது.

தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி மேற்கை எலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது. நழுவாமல் அதைச் சுற்றிப் பிடித்திருப்பவை நான்கு தசைகள். அவற்றில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸின் நாண்தான் பெரும்பாலும் கிழியும். அப்பாவுக்கும் அதுதான். டாக்டர் எலும்பில் சிறு ஆணி மாதிரி ஒன்றைப் பதித்து நூலால் நாணை இழுத்துக் கட்டியிருந்தார். கட்டிவிட்டால் ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. எலும்போடு நாண் ஓரளவு பிடிக்கவே பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை பாரமெல்லாம் நூலின் மேல்.

முதல் ஆறு வாரம் கை தூளியில். குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தொங்கவிட்டு உடம்பை ஆட்டுவார். கை தானாக ஊசலாட வேண்டும், அவர் ஆட்டக்கூடாது. பிறகு சுவரில் விரலால் நடப்பது. எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். எனக்கு ஆறு வயதில் அவர் உயரம் பார்த்துக் கோடு போட்ட அதே சுவர்.

எட்டாவது வாரம் கொல்லையில் மண் வெட்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா. "வலியே இல்லடா, சும்மா ரெண்டு கொத்து" என்றார். கத்திவிட்டேன். அவரை அப்படி நான் அதற்குமுன் பேசியதில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது பிசியோதெரபிப் பெண்ணிடம் நானே போட்டுக்கொடுத்தேன். "ஐயா, வலி போறது முன்னாடி, நாண் ஒட்டுறது பின்னாடி. நடுவுல இருக்குற நாள்லதான் நெறைய பேருக்குத் திரும்பக் கிழியுது" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் கொடுத்தது ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை. இருப்பதிலேயே இளகினது. ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை மடக்கி விலாவோடு வைத்து, இடுக்கில் துண்டைச் சுருட்டிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். நெல் மூட்டை தூக்கிய கை பத்தாவது இழுப்பில் நடுங்கியது. வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். "பாப்பா, கால் கிலோ அரைக் கிலோவாவது குடேன்" என்று அவளிடம் கேட்டும் பார்த்தார்.

"உங்க கையே மூணு கிலோ இருக்கும்யா. மொதல்ல அதத் தூக்குங்க."

அதைத் தூக்குவதே பெரிய வேலையாக இருந்தது. தசை தளர்ந்திருந்தால் தோள் காதை நோக்கி ஏறி ஏமாற்றும். அதனால் கண்ணாடி முன் நின்று, தோள் ஏறாத உயரம் வரைக்கும்தான் கையைத் தூக்கலாம். சுவரில் கோடு இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. பலம் என்றால் கூடுதலாகத் தூக்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "என்னடா, கை சரியாயிருச்சா?" என்று கேட்பது கேட்டது.

"நட்டாச்சுண்ணே. இன்னும் பச்ச புடிக்கல" என்றார் அப்பா.

அதன்பிறகு அவர் கதவைச் சாத்தவில்லை. மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது, பிறகு பச்சை.

தையில் சம்பா அறுப்பு. மூட்டை தூக்குவது இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். களத்தில் ஓரமாக நின்று எண்ணிக்கை மட்டும் பார்த்தார். அது அவருக்குச் சுலபமாக இல்லை, எனக்குத் தெரியும். அடுத்த நாள் கடைசி செக்கப்புக்கு தஞ்சாவூர் பஸ் ஏறினோம். உட்கார இடம் இருந்தது. "நீ உக்காருடா" என்றவர், வலது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் நின்றே வந்தார்.