மேற்கே பார்த்தவன்

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டை முதுகில் தடவிப் பார்த்தே எடை சொல்லுகிற நண்பன், தங்கச்சி கல்யாணக் கடனுக்காக அன்றிரவு மஸ்கட் பிளேன் ஏற வேண்டும். பகல் முழுக்க பாக்கி இருந்தது. வழியனுப்பப் போன நாங்கள் இரண்டு பேரும், சென்ட்ரலில் இறங்கியதுமே அவனைத் திருவல்லிக்கேணிக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

ரத்னா கஃபே. 1948-லிருந்து நடக்கிற கடை. ஜக்கோடு வந்து சாம்பாரைக் கவிழ்த்தார்கள். இட்லியைக் காணோம்!

"இன்னாடா இது, இட்லியைக் குளிப்பாட்றாங்க?" என்றவன், மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினான். பி.காம். படித்த நான் பில்லைக் கூட்டி முடிப்பதற்குள், "ஒரு குட்டியோட கால் காலி!" என்று அவன் கணக்கை முடித்துவிட்டான்.

அடுத்து, மெரினா கலங்கரை விளக்கம். பாதுகாப்புக்காகப் பல வருஷம் மூடிக் கிடந்து, 2013-ல் மறுபடி திறந்தது. ஒன்பதாவது மாடி வரை லிஃப்ட் உண்டு (என்னைப் போன்ற தொப்பைக்காரர்கள் கவனிக்க). மேலே எல்லோரும் கடலைப் பார்க்க, இவன் மட்டும் மேற்கே திரும்பி நின்றான்.

"நம்ம ஜவ்வாது மலை தெரியுமாடா?"

"150 கிலோமீட்டர்டா!"

"சும்மா கேட்டேன்."

கீழே வந்து தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினோம். அவன் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. பாஸ்போர்ட் இருந்த பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.