விடைக்கோழியின் முதல் முட்டைகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குப் போனால் வழியெங்கும் நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். சத்துணவு மையங்களுக்கும் கேரளத்துக்கும் கப்பலேறி வளைகுடா நாடுகளுக்கும் முட்டை போகிற மாவட்டம் இது. அந்தக் கொட்டகைகளில் ஒரு முட்டை கோணலாக வந்தால் பொறுக்கி ஒதுக்கிவிடுவார்கள். எந்தக் கோழி வைத்தது என்று கேட்க நேரம் கிடையாது, கேட்டாலும் பதில் கிடைக்காது. நான் தேடிப் போனது, வீட்டோரம் பத்துப் பதினைந்து கோழி வளர்த்து, எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற பெண்களை. முட்டையின் கோளாறு கோழியை முகம் பார்த்துத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும் என்பது என் எண்ணம்.

கொல்லிமலை அடிவாரத்துக் கிராமம். மாரியம்மன் நோம்பி முடிந்த பங்குனி வாரம். கால்நடை மருந்தகத்து மருத்துவர் கோழிகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பியபோது அவரோடு ஒட்டிக்கொண்டேன். முதல் வீட்டிலேயே அக்கா ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஓடே இல்லாமல் சவ்வு மட்டும் மூடிய தோல் முட்டை ஒன்று. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய குட்டி முட்டை ஒன்று. நீளமாக, கை நிறைய ஒன்று. இடுப்பில் வளையம் போட்டதுபோல் நடுவே தடித்த ஒன்று. ரத்தக் கோடு ஓடிய இரண்டு.

"எல்லாம் புதுசா வைக்கிற வெடைங்க. பக்கத்தூட்டுல கண்ணு பட்டிருச்சுங்கறாங்க தம்பி. எங்க அத்தை இல்லைங்கறாங்க."

திண்ணையில் இருந்த அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல கண்ணு. மொதல்ல எல்லாமே கோணக்க மாணக்கன்னுதான் வைக்கும்."

அத்தையின் வேலை விடியலில் தொடங்கிவிடுகிறது. கூண்டைத் திறந்ததும் பெட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கிறார். வாலுக்குக் கீழே இரண்டு பக்கமும் முனை நீட்டியிருக்கும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்க்கிறார். ஒரு விரல்தான் பிடிக்கிறது என்றால் இன்னும் நாளிருக்கிறது. மூன்று விரல் தாராளமாக அமர்ந்தால் முட்டைக்கு வந்த கோழி. கொண்டை சிவந்து, முதுகில் கை பட்டதும் பதுங்கி உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கு வைக்குமா நாளைக்கா என்பதையும் அடிவயிற்றைத் தடவியே சொல்லிவிடுகிறார். மருத்துவக் கல்லூரியில் இதையேதான் பாடமாக நடத்தினார்கள் என்று மருத்துவர் சிரித்தார்.

தாம்பாளத்தை வைத்துக்கொண்டு மருத்துவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. அங்கிருந்து மஞ்சள் கரு விடுபட்டு, ஏறக்குறைய 2 அடி நீளமுள்ள முட்டைக்குழாயில் இறங்குகிறது. வெள்ளைக் கரு சேர 3 மணி நேரம். சவ்வு போர்த்த ஒன்றேகால் மணி நேரம். அதன் பிறகு சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுகிற வேலை மட்டும்தான். மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். பழகிய கோழியில் ஒரு முட்டை வெளியே வந்து அரை மணி நேரம்போல் கழித்துத்தான் அடுத்த கரு விடுபடும். புதிதாகப் பருவத்துக்கு வந்த விடைக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. இரண்டு கரு ஒரே சமயத்தில் விடுபட்டால் ரெட்டைக் கரு. கருவே வராமல் ஒரு துணுக்குச் சதையோ ரத்தக் கட்டியோ குழாயில் நழுவினாலும் குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளைக் கருவைச் சுற்றி ஓடும் கட்டி அனுப்பிவிடும். கோலிக்குண்டு முட்டையை உடைத்துக் காட்டினார், உள்ளே மஞ்சளே இல்லை. ஓடு கட்டும் அறையில் முழு நேரம் தங்காமல் நழுவி வந்தது தோல் முட்டை. ரத்தக் கோட்டுக்குக் காரணம், முதல் முட்டைகள் வரும் வழி இன்னும் நெகிழாதது. சிறு ரத்தக்குழாய் கீறிவிடுகிறது, தானாக ஆறும். ஆனால் மற்றக் கோழிகள் அந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தாலோ, உள்சதை வெளியே தள்ளினாலோ அந்தக் கோழியை உடனே தனியே அடைக்க வேண்டும். ரெட்டைக் கருவை அடைக்கு வைக்க வேண்டாம், குஞ்சு வருவது அபூர்வம். வாணலிக்குத் தாராளமாகப் போகலாம்.

இடுப்பில் வளையம் போட்ட முட்டைதான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. ஓடு மெல்லியதாகக் கட்டத் தொடங்கிய நேரத்தில் கோழி மிரண்டால், உள்ளேயே ஓடு விரிசல் விடுகிறது. கோழி அந்த விரிசலின் மேலேயே தொடர்ந்து சுண்ணாம்பு பூசி முடிக்கிறது. ஒட்டுப்போட்ட தடம்தான் வளையமாகத் தெரிகிறது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நோம்பி வேட்டுக்கு மறுநாள் வைத்த முட்டை என்றார். நாயோ கீரியோ கூண்டைச் சுற்றிய இரவுக்குப் பிறகும் இப்படி ஒன்றிரண்டு வருவதுண்டாம். வேட்டு வெடிப்பதை நிறுத்த முடியாது. கூண்டின் மேல் சாக்கைப் போர்த்தலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் சங்கதி. அக்காவின் கவலை வேறு. அவரிடம் இருக்கும் கோழிகளில் பாதி சிறுவிடை நாட்டுக்கோழி, பாதி மொபெட்டில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கிய கிராமப்பிரியா. ஹைதராபாதில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புழக்கடைக்கென்றே உருவாக்கிய இனம் அது. சிறுவிடைகளுக்கு வந்த தோல் முட்டை நின்றுவிட்டது. கிராமப்பிரியாவுக்கு இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை.

இங்கேதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்று வைத்தால் ஓடு 4 கிராம். அது கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். கால்சியமாக மட்டும் பார்த்தால் ஒரு முட்டைக்கு ஒன்றரை கிராம். கிராமப்பிரியாவின் முட்டை இன்னும் பெரிது, 2 கிராம் வேண்டும். கோழி அன்றாடம் தின்பது கம்பும் அரிசிக் குருணையும் மக்காச்சோளமும். இவற்றில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். தானியங்களில் பேர்பெற்ற கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு 0.34 கிராம்தான். மிச்சத்துக்குக் கோழி எங்கே போகும்? தன் எலும்புக்குள் போகும். முட்டைக்கு வரும் சமயத்தில் கால் எலும்புகளின் உள்ளே தனியாக ஒரு சுண்ணாம்புச் சேமிப்பு உருவாகிறது. தீனியில் வராததை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. சிறுவிடை பன்னிரண்டு பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடை உட்கார்ந்துவிடும். அந்த ஓய்வில் எலும்பு தேறிக்கொள்ளும். வருடத்துக்கு அறுபது எண்பது முட்டை, அவ்வளவுதான். கிராமப்பிரியாவோ அடை உட்காராது. 200க்கு மேல் வைக்கும். அதற்குச் சிறுவிடைக்குப் போட்ட அதே குருணையைப் போட்டால் முதலில் ஓடு போகும், பிறகு கால் போகும். இனத்தை மாற்றிக் கொடுத்தவர்கள் தட்டை மாற்றச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பார்த்த ஓட்டுக் கோளாறுகளில் பெரும்பங்கு இதிலிருந்து வந்ததுதான்.

அத்தை இதை வேறு வழியில் வந்து தொட்டார். "அப்பெல்லாம் செவுத்துல சுண்ணாம்பு அடிச்சிருப்போம். கோழி நாள் முச்சூடும் செவுத்தைக் கொத்திக்கிட்டே கெடக்கும். இப்ப பெயிண்ட்டு." மண்வாசலும் போய் சிமெண்ட் வந்துவிட்டது. குப்பைமேட்டில் கிளறித் தின்ற நத்தையும் கல்லும் குறைந்துவிட்டன. கோழிக்கு வீடு கொடுத்துவந்த சுண்ணாம்பை இப்போது நாமே கையால் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொடுப்பதிலும் பக்குவம் உண்டு. ஓடு பெரும்பாலும் இரவில் கட்டப்படுகிறது, கோழி தீனி எடுக்காத நேரத்தில். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல்லைக் காலையில் தீனியோடு கலந்தால் இரவுக்குள் குடலைத் தாண்டிவிடும். கிளிஞ்சலைக் குருணையாக நொறுக்கிச் சாயங்காலம் அடையப் போகுமுன் ஒரு தட்டில் தனியாக வைத்தால், அது அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து இரவெல்லாம் ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். தேவைப்படுகிற கோழி தானே தேடித் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாக் கோழிக்கும் பொதுவாகக் கொட்டுவதை மருத்துவர் கண்டித்தார். அவ்வளவு சுண்ணாம்பு வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிப் போடலாம். வடிவம் தெரியாமல் நொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும். தோல் முட்டையைக் கூட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். உடைந்ததை ஒருமுறை ருசி பார்த்த கோழியைத் திருத்துவது பெரும்பாடு.

பங்குனி, சித்திரை வெயிலின் பங்கும் இதில் சேர்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு மிதமிஞ்சி வெளியேறுகிறது. ஓட்டின் கார்பனேட்டுக்கு ஆதாரமே அதுதான். தீனியில் சுண்ணாம்பு நிறைய இருந்தும் வெயில் காலத்தில் ஓடு மெலிவது இதனால். அக்கா வீட்டுத் தண்ணீர்த் தட்டு நடு வெயிலில் கிடந்தது, தொட்டால் சுட்டது. அதை வேப்பமர நிழலுக்கு நகர்த்தினோம். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் அதுவும் ஓட்டைக் கெடுக்கும். குடிக்க நாம் பிடிக்கிற தண்ணீரையே கோழிக்கும் ஊற்றுவது நல்லது.

நோய் என்று எப்போது சந்தேகப்படுவது? மருத்துவரின் பதில் சுருக்கம்: ஒரு கோழி கோணல் முட்டை வைத்தால் அந்தக் கோழியைப் பார், எல்லாக் கோழியும் வைத்தால் என்னைக் கூப்பிடு. ஒரே வாரத்தில் பல கோழிகளின் ஓடு சுருக்கம் விழுந்து, நிறம் வெளுத்து, வெள்ளைக் கரு தண்ணீராக ஓடி, தும்மலும் மூச்சு இரைச்சலும் சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சலாகவோ தொற்று மூச்சுக்குழல் நோயாகவோ இருக்கலாம். பின்னதைக் குஞ்சுப் பருவத்திலேயே வாங்கிய பெட்டை சிலசமயம் ஆயுள் முழுக்கக் கேறிக்கொண்டு கூட்டில் போய் உட்காரும், முட்டை மட்டும் வராது. 1976இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோய் இன்னும் தந்திரமானது. கோழி நன்றாகத் தின்னும், திரியும். முட்டை மட்டும் வெளுத்துத் தோலாகிவிடும். அதன் கிருமிக்கு இயற்கையான இருப்பிடம் வாத்து. கோழியும் வாத்தும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கிற வீடுகள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

முட்டை வைக்க முக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்றபடி இறகைச் சிலிர்த்துக்கொண்டிருக்கும் விடையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. மெல்லிய ஓட்டு முட்டை வழியில் சிக்கிக்கொள்வதுண்டு. உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கடினம்.

அந்த ஊரில் தோல் முட்டை வைக்கிற பெட்டையை ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் குறித்துவிடுவது வழக்கம். புதிதாகக் கோழி வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறுக்குமுன் ஒரு மாதம் பொறுங்கள். அந்த ஒரு மாதமும் தண்ணீரை நிழலில் வையுங்கள், சாயங்காலம் ஒரு தட்டு நிறையக் கிளிஞ்சல் வையுங்கள்.