முன்னோக்கிச் சாய்

நுழையுமுன்
அச்சம் சில வேளைகளில் நம்மைக் காக்கிறது. சில வேளைகளில் நம்மைக் கட்டிப்போடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற ஒருவரின் அனுபவமே இப்பாடம்.

என் ஊர் ஹட் பே. அந்தமான் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள சிற்றந்தமான் தீவின் துறைமுக ஊர் அது. என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து அத்தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என் தந்தை படகுத்துறைக்கு அருகில் மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழும், கடைவீதியில் இந்தியும், அண்டை வீட்டில் வங்காளமும் கேட்டு வளர்ந்தேன். எத்திசையில் நடந்தாலும் முடிவில் கடல் வந்து நிற்கும் ஊர் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. எங்கள் வீடும் ஆடியது. பின்னர்க் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுநிலத்தை நோக்கி ஓடினார். நாங்கள் பிழைத்தோம், வீடும் கடையும் பிழைக்கவில்லை. அன்று முதல் நான் கடலில் கால் நனைக்கவே இல்லை. கப்பலில் பயணம் செய்தாலும் மேல்தளத்திற்கு வரமாட்டேன். அப்பா என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

2017ஆம் ஆண்டு தில்லியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதத்தில் தோழியர் சிலர் பனிச்சறுக்குக் கற்பதற்காகக் காஷ்மீரத்தில் உள்ள குல்மார்க்குக்குப் புறப்பட்டனர். அங்கே கடல் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக நானும் உடன் சென்றேன்.

குல்மார்க், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளி என்றே பாட்டி எனக்குச் சொல்லியிருந்தார். இங்கோ பனி முழங்கால் ஆழத்திற்குக் கிடந்தது; கூரைகளையும் வேலிகளையும் மூடியிருந்தது. ஊர் மக்கள் ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்கிரி என்னும் கனல்சட்டியை வைத்துக் குளிர்காய்ந்தனர். உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீர் தந்து எங்களை வரவேற்றனர்.

அங்கே யார் வேண்டுமானாலும் கற்கலாம். ஆனால், எல்லாரும் ஒரே சரிவில் இறங்குவதில்லை. முதன்முதலாகப் பலகை கட்டுவோர்க்கு ஊரின் நடுவே உள்ள தாழ்ந்த புல்வெளிச் சரிவு. ஓரளவு தேர்ந்தவர்கள் கம்பிவட ஊர்தியில் கொங்தூரி வரை சென்று சறுக்கி இறங்குவர். கைதேர்ந்தவர்களோ அடுத்த ஊர்தியில் ஏறி, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அபர்வாத் மலைமீது இறங்குவர். ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளிலும் இத்தகைய வகைப்பாடு உண்டு. அங்கு எளிய தடத்திற்கு நீலம், நடுத்தரத்திற்குச் சிவப்பு, கடினமானதற்குக் கறுப்பு என நிறம் குறித்திருப்பர். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் பனியாற்றின்மீது கோடையிலும் சறுக்குகின்றனர்.

நான் புல்வெளிச் சரிவில் நின்றேன். என் வலப்பக்கம் ஐந்து வயதுச் சிறுமி. இடப்பக்கம் நரைத்த தலையுடைய வங்கி அலுவலர். மூவரும் ஒரே வகுப்பு. பயிற்றுநர் முதலில் கற்பித்தது சறுக்குவதை அன்று, விழுவதை. பின்புறமாக விழாமல் பக்கவாட்டில் விழவேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையெனில் அவை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு வேகத்தைக் குறைக்கும் முறை: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, உள்விளிம்புகளை அழுத்தவேண்டும்.

அன்று மாலைக்குள் சிறுமி சறுக்கிக்கொண்டிருந்தாள். வங்கி அலுவலரும் மெல்லத் தேறினார். நான் மட்டும் விழுந்துகொண்டே இருந்தேன். பலகை நகரத் தொடங்கியதும் என் உடல் தானாகவே பின்னோக்கிச் சாய்ந்தது. மூன்றாம் நாள் பயிற்றுநர் என்னருகே வந்தார்.

“அஞ்சுகிறபோது எல்லாரும் பின்னால்தான் சாய்வார்கள், மகளே. அப்படிச் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இராது. எடை இல்லாத பலகை உன் சொல்லைக் கேட்காது. சரிவை நோக்கிச் சாய், அப்போதுதான் அது உனக்கு அடங்கும்” என்றார்.

“அஞ்சாமல் இருப்பது எப்படி, ஐயா?” என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

மறுநாள் விடை கிடைத்தது. இரவெல்லாம் பனி பொழிந்திருந்தது. பனிச்சரிவு அபாயம் இருப்பதாக எச்சரிக்கை வந்ததும் மேல்மலைப் பாதை மூடப்பட்டது. முப்பது ஆண்டுகளாக அம்மலையில் சறுக்கிவரும் பயிற்றுநர், பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு அமைதியாகத் தேநீர் அருந்தினார்.

“நீங்களுமா அஞ்சுகிறீர்கள்?” என்றேன்.

“மலை வேண்டாம் என்று சொல்லும் நாளில் நான் ஏறுவதில்லை. அது வா என்று அழைக்கும் நாளில் வீட்டில் இருப்பதும் இல்லை” என்றார்.

என் நெஞ்சில் ஏதோ ஒன்று தெளிந்தது. அப்பா அன்று ஓடியது கோழைத்தனம் அன்று. அதுதான் எங்களைக் காத்தது. ஆனால், அந்த ஒரு காலைப்பொழுதின் ஓட்டத்தை நான் பன்னிரண்டு ஆண்டுகளாக நிறுத்தவே இல்லை.

வானம் தெளிந்த நாளில் மீண்டும் புல்வெளிச் சரிவின் உச்சியில் நின்றேன். முழங்காலை மடக்கி முன்னோக்கிச் சாய்ந்தேன். பலகை நகர்ந்தது, நான் அழுத்தினேன், அது அடங்கியது. இருமுறை விழுந்தேன். மூன்றாம் முறை விழாமல் அடிவாரம் வந்து சேர்ந்தேன். ஐந்து வயதுச் சிறுமி கைதட்டினாள்.

அபர்வாத் உச்சியை நான் தொடவில்லை. குல்மார்க்கின் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான் 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தபோது, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நானும் கைதட்டினேன்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், அதாவது குல்மார்க்கிலிருந்து திரும்பிய சில மாதங்களில், ஊருக்குச் சென்றேன். கப்பல் ஹட் பேயை நெருங்கியபோது மேல்தளத்தில் நின்று விடியலைப் பார்த்தேன். அன்று மாலை அப்பாவுடன் பட்லர் பே கடற்கரைக்குப் போனேன். இறங்கத் தக்க இடம் எதுவென்று அங்கிருந்த மீனவர் ஒருவரிடம் அப்பா கேட்டறிந்தார்.

“எவ்வளவு தூரம் போகப்போகிறாய், அம்மா?” என்றார் அப்பா.

“முழங்கால் அளவுக்குப் போதும், அப்பா.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னுடன் நீரில் இறங்கினார். அலை வந்தது. நான் முன்னோக்கிச் சாய்ந்து நின்றேன்.

சொல்லும் பொருளும்
பனியாறு – மலையில் உறைந்து, மிக மெதுவாக நகரும் பனித்திரள்
பனிச்சரிவு – மலையிலிருந்து பெருந்திரளாகச் சரிந்து விழும் பனி
கனல்சட்டி – நெருப்புத் துண்டுகள் இட்ட மண்கலம்

சிந்தித்து எழுதுக
1. பயிற்றுநர் விழுவதை முதலில் கற்பித்தது ஏன்?
2. தந்தையின் ஓட்டத்திற்கும் மகளின் ஓட்டத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நீங்கள் அஞ்சி விலகிய ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.