மலையை வரைஞ்சாச்சு... படத்தை யார் படம் எடுக்கிறது?

உங்கள் ஓவியத்தை இதுவரை எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்க. வீட்டில் நாலு பேர், ஹாஸ்டலில் பத்து பேர், டிபார்ட்மென்ட் கண்காட்சியில் ஓர் ஐம்பது பேர். மற்ற எல்லோரும் பார்ப்பது அந்த ஓவியத்தின் போட்டோவைத்தான். போட்டி என்றால் பெரும்பாலும் முதல் சுற்றே போட்டோதான். ஆர்டர் கொடுக்க நினைக்கிறவர் முதலில் பார்ப்பதும் அதுதான். ஆனால், மூணு நாள் முதுகு வலிக்க வரைந்த படத்துக்கு நாம ஒதுக்குகிற போட்டோ நேரம் மூணு விநாடி! கட்டில் மேல் போட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே நின்று ஒரு க்ளிக். நம்ம தலை நிழல் இலவச இணைப்பு.

இது நியாயமா மக்களே?

நான் சேலத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெயின்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறிவிடுகிற கோஷ்டி எங்களுடையது. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, நேராக சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கு மேல் உயரம். குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். வெளியே வந்தால் மைதானம் மாதிரி விரிந்து கிடக்கிற உச்சி. வரைய அருமையான இடம்தான். ஆனால், வரைந்ததைப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரிந்து இல்லை. ஏன்னா, ஒரே மலையில் நாலு விதமான வெளிச்சம் கிடைக்கும்.

ஒரே வாட்டர்கலரை நாலு இடத்தில் வைத்துப் பாருங்க. உச்சி வெயிலில் வைத்தால் பேப்பரின் சொரசொரப்பு ஒவ்வொன்றும் நிழல் போட்டு, மெல்லிய நிறமெல்லாம் வெளுத்துப் போகும். சில்வர் ஓக் மர நிழலுக்குக் கொண்டுபோனால், இலையில் பட்டு வருகிற வெளிச்சம் வெள்ளைப் பேப்பருக்குப் பச்சைச் சாயம் பூசும். தரையில் கிடத்தினால் செம்மண் தன் பங்குக்குக் கொஞ்சம் சிவப்பைக் கொடுக்கும். குகை மாதிரி இருட்டான இடத்தில் ஃப்ளாஷ் போட்டால் கேட்கவே வேண்டாம், படத்தின் நடு நெற்றியில் வெள்ளைப் பொட்டு!

அப்போது பனிமூட்டம் வரும். டூரிஸ்டுகள் "அய்யோ, வியூ போச்சே" என்று புலம்புவார்கள். எங்கள் கோஷ்டி மட்டும் "எடுங்கடா போனை" என்று குதிக்கும். பனி என்பது ஊர் முழுக்கக் கட்டின வெள்ளைத் துணிப் பந்தல். சூரிய வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறவிட்டு, படத்தின் எல்லா மூலைக்கும் சமமாகக் கொடுக்கும். நிழல் இல்லை, கண்கூசல் இல்லை. படம் ஈரமாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேகம் மூடின எந்த நாளும், எந்த மொட்டை மாடியும் இதே வேலையைச் செய்யும்.

'எங்க ரூமில் ஜன்னல்தான் இருக்கு' என்கிறீர்களா? வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் 'வடக்கு ஜன்னல்' என்று சொல்லும். அதை அப்படியே நம்பிவிடாதீங்க! நம்ம சேலம் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை, நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நமக்கு நண்பன். எந்த ஜன்னலாக இருந்தாலும் வெயில் நேராக உள்ளே விழக் கூடாது, அவ்வளவுதான் மேட்டர். ரூம் லைட்டை அணைச்சிடுங்க. பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால், படத்தின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி நீலம். இரவில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள், இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், 45 டிகிரி சாய்வில்.

அடுத்து, நேராக நிற்பது. இதில் நமக்கு ஒரு சீனியர் இருக்கிறார். லின்னேயஸ் டிரைப், அன்றைய மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டவைத்து, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு படத்தின் வரி அடுத்த படத்தின் வரியோடு சேர்ந்திருக்குமா? கையில் ஒரு ஸ்மார்ட்போனை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஓவியத்தை நேராக எடுக்க நம்மால் முடியாதா என்ன?

ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டுங்க. அதன் நடுப்புள்ளி எந்த உயரமோ, லென்ஸும் அதே உயரம். போனில் கட்டங்கள் காட்டும் கிரிட் வசதியை ஆன் பண்ணி, ஓவியத்தின் விளிம்பு கோட்டோடு இணையாகப் போகிறதா என்று பாருங்க. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். தள்ளி நின்று எடுத்துவிட்டு, சுற்றியிருப்பதை வெட்டிக்கொள்ளலாம். போனில் தனியாக ஜூம் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. டைமர் இரண்டு விநாடி. கை நடுக்கம் காலி.

நிறத்துக்கு ஒரு சின்ன டிரிக். ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் ஷாட் எடுங்க. அது திரையில் வெள்ளையாகத் தெரிகிற வரை ஒயிட் பேலன்ஸை மாற்றுங்க. கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நிறைய வெள்ளையைப் பார்த்தால் 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். பனி மூடின மலையை வரைந்திருந்தால் கட்டாயம் இப்படி ஆகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுங்க. ஃபில்டர், பியூட்டி மோட் எல்லாவற்றுக்கும் லீவு. நிஜத்தில் இல்லாத பளிச் நிறத்தைப் போட்டோவில் கொடுத்தால், வாங்க வந்தவர் நேரில் பார்த்து முகம் சுளிப்பார்.

கண்ணாடி போட்ட ஃப்ரேமாக இருந்தால் கழற்றிடுங்க. ஆயில் பெயின்ட் பளபளத்தால் விளக்கை இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்துங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு மட்டும் இந்த விதி கொஞ்சம் மாறும். பளபளப்பை முழுக்கக் கொன்றுவிட்டால் தங்க ரேக்கு பழுப்பு அட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, அந்த வெள்ளை தங்கத்தில் எதிரொலிக்கும்படி செய்தால் தங்கம் உயிர் பெறும்.

'இவ்வளவு அலட்டல் தேவையா பாஸ்?' என்று கேட்பவர்களுக்கு என் நண்பனின் கதை. எங்கள் கோஷ்டியிலேயே கை தேர்ந்தவன். வேலைக்காகச் சென்னை போனவன், தரைத்தள வீட்டில் குடியிருந்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்குக் கீழே இருந்த ஓவியக் கட்டு மொத்தமும் கூழாகிவிட்டது. ஆறு வருஷ உழைப்பு. மிச்சமிருப்பது போனில் இருந்த போட்டோக்கள் மட்டும். அதில் பாதிக்கு மேல் ஃப்ளாஷ் பொட்டு, கோணல், மஞ்சள். மழை நாளில் மொட்டை மாடியில் வைத்து எடுத்த பதினோரு படங்கள் மட்டும் தெளிவு. இன்று அவன் யாரிடமாவது 'நான் வரைந்தது' என்று காட்டுவது அந்தப் பதினொன்றைத்தான். மற்றவற்றைப் பற்றிப் பேசவே மாட்டான். அவன் அம்மா முகம் வரைந்தது அந்த மற்றவற்றில் இருக்கிறது.

வெள்ளம் வேண்டாம். கரையான் போதும், வீடு மாற்றும் அவசரம் போதும். நல்ல விலைக்கு விற்றுப் போனாலும் படம் நம்மைவிட்டுப் போனதுதானே? அதனால், எடுத்த ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் வைங்க. ஏ4 அளவில் நன்றாக அச்சாக 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்க. ஃபைல் பெயரிலேயே தலைப்பு, வருடம், அளவு, என்ன பெயின்ட் என்று எழுதிடுங்க. பத்து வருஷம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

நல்ல ஓவியப் போட்டோ எது தெரியுமா? பார்க்கிறவர் 'சூப்பர் போட்டோ' என்று சொல்லக் கூடாது. 'சூப்பர் பெயின்ட்டிங்' என்று சொல்லணும்.

இந்த வாரம் பீரோ மேலே சுருட்டி வைத்திருக்கிற படங்களை இறக்குங்க. தூசி தட்டுங்க. மேகம் மூடுகிறதா என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பாருங்க.

மூடிடுச்சா? அப்புறம் என்ன, மாடிக்கு ஓடுங்க!