ஃபைல் இப்போ யார் கையில்?

“வேர்டு ஃபைல் எங்கிட்ட வந்த பொறவு நீங்க அதுல கை வைக்கப்பிடாது சார். திருத்தம் உண்டும்னா பிடிஎஃப்ல பாத்துச் சொல்லுங்க. கேட்டியளா?”

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு மாடியறை. போனில் அந்தப் பக்கம் இருந்த எழுத்தாளருக்கு இது பிடிக்கவில்லை என்பது அக்காவின் முகத்திலேயே தெரிந்தது. டிசம்பர் மாதம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்து, சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கான கடைசி ஓட்டம் தொடங்கியிருந்தது. 1977இல் தொடங்கிய அந்தக் கண்காட்சிதான் தமிழ்ப் பதிப்புலகின் காலண்டர். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த அறைக்கும் அதுதான் கெடு.

அக்கா இருபது வருஷத்துக்கு மேல் டிடிபி வேலை பார்ப்பவர். அவர் மேசையில் கம்ப்யூட்டரைவிட முக்கியமாக எனக்குப் பட்டது ஒரு நீளமான கணக்கு நோட்டு. எந்தப் புத்தகம், எந்தத் தேதியில், மெயிலிலா வாட்சப்பிலா வந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று வரிவரியாக எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் மூன்றே சொற்கள் மாறிமாறி வந்தன: ஆசிரியர், மெய்ப்பு, நான். ஒரே நேரத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பெயர்தான் இருக்கும். ‘ஆசிரியர்’ என்று இருந்தால் அக்கா அந்த ஃபைலைத் திறப்பதே இல்லை.

எழுத்தாளர்களுக்கு இந்தக் கெடுபிடி விளங்குவதில்லை. வேர்டில் இருக்கும் நாவலைப் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனுக்குள் கொண்டுவந்த நிமிஷமே அது தனிப் பிரதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எழுத்தாளர் தன் வேர்டு ஃபைலில் ஒரு பத்தியை மாற்றினால் பக்கத்தில் எதுவும் மாறாது. வேர்டோடு இணைப்பு வைத்துப் புதுப்பிக்கவும் இன்டிசைனில் வழி உண்டு. ஆனால் அப்படிப் புதுப்பித்தால் லே-அவுட்டில் அதுவரை செய்த திருத்தமெல்லாம் போய்விடும். அதனால் இந்த அறையில் இணைப்பு கிடையாது.

ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இந்த ஊருக்கு அச்சு புதிதும் அல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்தது 1820களின் தொடக்கத்தில். திருவிதாங்கூரின் மிகப் பழைய அச்சுக்கூடங்களில் ஒன்று அது. அன்றைக்குக் கோத்த பக்கம் ஒன்றுதான். அதைத் திருத்த வேண்டுமானால் அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஒரே பக்கத்தை இரண்டு விதமாகத் திருத்துவதற்கு ஈயம் இடம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் கொடுத்தது.

தமிழுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. மெய்ப்பு பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இதைச் சொல்லும்போது கொஞ்சம் ரசித்தே சொன்னார். “நம்ம அம்மாவ கம்ப்யூட்டருக்குத் தெரியாதுடே.” பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று நாம் வாசிப்பது கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு கூட வராவிட்டால் அந்தக் குறிகள்தான் திரையில் நிற்கும். எழுத்தாளர் பாமினியில் அடிப்பார், பதிப்பகத்தில் ஸ்ரீலிபி இருக்கும், அட்டை செய்பவரிடம் வேறொன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. அறிவிப்புகள் வந்தபோதும் அறைகளில் பழைய எழுத்துருக்களே நீடித்தன. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அக்கா சேர்த்துவைத்திருந்த அழகான எழுத்துருக்கள் எல்லாம் பழைய முறையில்தான் இருந்தன. யூனிகோடு தமிழை இன்டிசைன் ஒழுங்காகக் காட்டத் தொடங்கியதே 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பை ஒட்டித்தான். இன்றைக்கும் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

ஆகவே எழுத்தாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் நடுவே எப்போதும் ஒரு கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. பழைய முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே பதிவாகும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும். கொம்பும் காலும் ஒரே குறியாகப் பின்னால் வரும். இந்த இடமாற்றத்தைக் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் சரியாகவே செய்கின்றன. மாட்டிக்கொள்வது ‘ள’வில். ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒரே குறி. அதனால் ‘வெளியீடு’ என்ற சொல், ‘வௌியீடு’ என்று உடைந்து, நடுவில் ஒரு புள்ளிவட்டத்தோடு வெளியே வரும். பதிப்பகங்கள் தங்கள் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளும் சொல்லே இப்படி உடைவதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது. கன்வெர்ட் செய்ததும் அக்கா முதலில் தேடுவது இதைத்தான். அடுத்தது ‘கௌரவம்’. வேறு சில கன்வெர்ட்டர்களில் அது எல்லா இடத்திலும் ளகரம் போட்ட ‘கெளரவம்’ ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது.

இயந்திரம் செய்யும் பிழைக்கு இப்படி ஒரு மருந்து உண்டு. மனிதர் செய்யும் திருத்தத்துக்குத்தான் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் ‘எனக்க வீடு’, ‘அவனுக்க அம்மை’ என்றுதான் சொல்வார்கள். வெளியூர் மெய்ப்பாளர் கண்ணில் ‘எனக்க’ ஒரு உகரம் விட்டுப்போன ‘எனக்கு’. மொத்தமாக மாற்றிவிட்டால் நாவல் முழுக்க ஆட்கள் “எனக்கு வீடு” என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஒரு ஃபைல் திரும்பி வந்ததை அக்கா காட்டினார். மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியை அணைத்துவிட்டுத் திருத்தியிருந்ததால் எது ஆசிரியருடையது, எது திருத்தியவருடையது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து வட்டார வழக்கில் எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தோடும் ஒரு சொற்பட்டியல் சேர்ந்தே போகிறது: இவற்றைத் தொடாதே என்று. பட்டியலை எழுதியவர் எழுத்தாளர் அல்ல, அக்கா.

கொஞ்சம் கோபமாகவே இதைச் சொல்கிறேன். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் அட்டை வரைந்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். ஒளியச்சு என்ற இடம் இருந்தாலும் அங்கே பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர்தான். பதினைந்தாம் அத்தியாயத்தில் இறந்துபோன கிழவி இருபதாம் அத்தியாயத்தில் கருப்பட்டிக் காப்பி குடிப்பதை முதலில் கவனித்தவருக்கு அங்கே இடமில்லை.

மார்த்தாண்டத்தில் ஓர் இளைஞரைப் பார்க்கப் போனேன். திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையில் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அங்கே அவர்கள் இன்காப்பி பயன்படுத்தியதாகச் சொன்னார். இன்டிசைனின் துணை மென்பொருள் அது. பக்கத்தை வடிவமைப்பாளர் வைத்திருக்கும்போதே, அதிலுள்ள கட்டுரையை மட்டும் உதவி ஆசிரியர் தன் மேசையில் திறந்து திருத்தலாம். அவர் எடுத்திருக்கும் வரை மற்றவர் அந்தக் கட்டுரையைத் தொட முடியாது. பென்சில் படம் ஒன்று அதைக் காட்டும். எத்தனை வரி மிஞ்சுகிறது என்பதும் திருத்துகிறவருக்கே தெரியும். அக்காவின் நோட்டு செய்கிற வேலைதான், மென்பொருளுக்குள் இருக்கிறது.

“இங்க ஏன் கொண்டுவரல?” என்று கேட்டேன்.

“எல்லாரும் ஒரே சர்வர்ல இருக்கணும் அண்ணே. இங்க எழுத்தாளர் குலசேகரத்துல, மெய்ப்பு வடசேரியில, நான் மார்த்தாண்டத்துல. பாதிப் பேரு நாவலையே போன்லயாக்கும் அடிக்கியாவ.”

சாதாரண இன்டிசைன் ஃபைலுக்கும் ஒரு பூட்டு உண்டு. ஒருவர் திறந்ததும் பக்கத்திலேயே ஒரு சின்னப் பூட்டு ஃபைல் முளைக்கும். பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு போனால் பூட்டு கூடப் போவதில்லை. மார்த்தாண்டத்து இளைஞரிடம் இருப்பது இன்டிசைனின் புதிய பதிப்பு, மீனாட்சிபுரத்தில் பழையது. இவர் சேமித்ததை அங்கே திறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஐடிஎம்எல் என்ற வடிவில் சேமித்து அனுப்புகிறார். சில நேரம் வரி ஓடுவது மாறி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கூடிவிடும். 176 பக்கம் என்றால் பதினாறு பக்கப் பாரம் பதினொன்று. 177 ஆகிவிட்டால் அச்சகத்தில் தனிக் கணக்கு.

திரும்ப மீனாட்சிபுரம் வந்தபோது அறையின் மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரை அக்கா ஓட விட்டிருந்தார். அதில் இன்னும் பேஜ்மேக்கர் இருக்கிறது. அடோபி கடைசியாக 2001இல் 7.0 பதிப்போடு நிறுத்திக்கொண்ட மென்பொருள். இன்றைய இன்டிசைன் அதன் ஃபைல்களைத் திறப்பதில்லை. மறைந்துபோன எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு மறுபதிப்பு கேட்டிருக்கிறார்கள். ஃபைல் ஒரு சிடியில் கிடைத்துவிட்டது. திறக்கவும் திறந்தது. அதை அப்படியே கன்வெர்ட் செய்து அச்சுக்கு அனுப்பிவிடலாமே என்று அவர் மகன் போனில் கேட்டார்.

அக்கா முடியாது என்றார். அந்தக் காலத்தில் பக்கங்களை ட்ரேசிங் தாளில் பிரிண்ட் எடுப்பார்கள். கடைசி நேரத் திருத்தம் வந்தால், அந்த வரியை மட்டும் தனியாக அடித்து வெட்டித் தாளின் மேல் ஒட்டிவிடுவார்கள். ஃபைலில் போய்த் திருத்த யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அதனால் அச்சான புத்தகத்தில் இருக்கும் வரிகள் சில ஃபைலில் கிடையாது. ஆசிரியர் கடைசியாகச் செய்த மாற்றங்கள் எல்லாம் அப்படி ஒட்டப்பட்டவை. முதல் பதிப்பை வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் உண்டு.

வீட்டில் முதல் பதிப்பு இல்லை என்றார் மகன். யாரோ வாசிக்க வாங்கிக்கொண்டு போனது. தமிழாசிரியர் தன் நூலக அட்டையைப் பையில் தேடி எடுத்தார். மாவட்ட மைய நூலகத்தில் பார்க்கிறேன், கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்கிறேன், நீ திரையில் பார்த்துக்கொண்டு வா என்று அக்காவிடம் சொன்னார். அக்கா நோட்டை எடுத்துப் புதிய வரியில் புத்தகத்தின் பெயரை எழுதினார். கடைசிப் பத்தியில் ‘ஆசிரியர்’ என்று எழுத வழியில்லை. ‘மெய்ப்பு’ என்று போட்டார்.